சாவி வீடு

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது சாவிப் பலகை. ஓர் ஆணிகூடக் காலியாக இல்லை. சிவப்பு நாடா கட்டியது, சோடா மூடி கோத்தது, கம்பெனி டோக்கன் வளையத்தில் மாட்டியது எல்லாம் அதனதன் இடத்தில் தொங்கின. முதல் ஆணியில் அண்ணியின் பீரோ சாவி, எப்போதும்போல மஞ்சள் நூலோடு. அதன் பிறகுதான் உள்ளறையைப் பார்த்தேன். பீரோவின் கதவு ஒரு சாண் அளவுக்குத் திறந்திருந்தது.

1991, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நான் சென்னையில் ஒரு பத்திரிகையில் பயிற்சி நிருபராகச் சேர்ந்திருந்த காலம். வார விடுமுறைக்குச் சுங்குவார்சத்திரத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவேன். அன்று அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். தெருவே அங்கேதான் இருந்தது. அண்ணி வீட்டின் தெருக்கதவுக்குப் பகலில் பூட்டுப் போடும் வழக்கமில்லை. சங்கிலியை மாட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

பூட்டாததற்குக் காரணம் அந்தப் பலகை. நெடுஞ்சாலையோரம் அப்போதுதான் ஒன்றிரண்டு கம்பெனிகள் வந்திருந்தன. விவசாயக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தார்கள். கணவன் ஒரு ஷிப்ட், மனைவி ஒரு ஷிப்ட் என்றான பிறகு, ஒரே சாவியை யார் எடுத்துப்போவது என்பது ஒவ்வொரு வீட்டிலும் சண்டையானது. கூரை இடுக்கில் வைத்தார்கள், பூந்தொட்டிக்கு அடியில் வைத்தார்கள், கோழி கிளறி எடுத்த கதையெல்லாம் உண்டு. கடைசியில் எப்போதும் வீட்டிலிருக்கும் என் அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். சாவிகள் கூடக்கூட, கம்பெனிச் சாமான் வந்த மரப்பெட்டியிலிருந்து ஒரு பலகையைப் பெயர்த்து அண்ணன் ஆணி அடித்துக் கொடுத்தார். சீக்கிரமே எங்கள் வீட்டுக்குச் ‘சாவி வூடு’ என்று பெயர் வந்தது. அண்ணி சாவிக்காரம்மா ஆனார்.

பலகை வந்த அன்றே அண்ணி தன் பீரோ சாவியையும் அதில் முதல் ஆணியில் மாட்டினார். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. “உன் சாவிய எதுக்கு ஊர் பார்க்க மாட்டுற?” என்று கேட்டார். “தெரு சாவியெல்லாம் நம்மள நம்பித் தொங்கிகினு கீது. நம்ம சாவி மட்டும் இடுப்புல தொங்கினா நல்லாவா இருக்கும்?” என்றார் அண்ணி. அண்ணி சொல்வது சரி என்றுதான் எனக்கும் அன்று தோன்றியது.

அண்ணி மணிமங்கலத்துப் பெண். எட்டாவது வரை படித்தவர். தெருவின் பொதுக் காரியம் எதுவானாலும் முதலில் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்புவது அவர்தான். அடிபம்பு கெட்டுப்போனால் பி.டி.ஓ. ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார். வாக்காளர் பட்டியலில் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்பது கட்சிக்காரர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரியும். டவுன் பஸ் எங்கள் நிறுத்தத்தில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தபோது, காலை ஷிப்ட்டுப் பெண்களை வரிசையாக ரோட்டில் உட்காரவைத்தவரும் அவர்தான். கண்டக்டர் இறங்கிவந்து கத்தினார். “நீ கத்து கண்ணு. கத்தி முடிச்சிட்டு விசில் ஊது. நின்னு ஏத்திகினு போ” என்றாராம் அண்ணி. மறுநாளிலிருந்து பஸ் நின்றது.

கோயிலுக்குப் போய், அண்டா பக்கத்தில் அகப்பையோடு நின்றவரிடம், “பீரோ திறந்து கிடக்குது அண்ணி” என்றேன். “நான் எங்க தம்பி தொறந்தேன்? சாவி பலகையில கீது பாரு” என்று சிரித்தார். சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அகப்பையை எதிர்வீட்டு அக்கா கையில் கொடுத்துவிட்டு நடந்தார். ஓடவில்லை. பீரோவுக்குள் துணிகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. அண்ணியின் அம்மா அவருக்குக் கழற்றிக் கொடுத்த நான்கு தங்க வளையல்கள் மட்டும் இல்லை.

எடுத்தவர் பீரோவை அவசரத்தில் சரியாகச் சாத்தவில்லை. ஆனால் சாவியை அதே ஆணியில் திரும்ப மாட்டிவிட்டுப் போயிருந்தார். வெளியாள் என்றால் சாவியைப் பீரோவிலேயே விட்டிருப்பான், அல்லது எங்காவது வீசியிருப்பான். எடுத்த சாவியை ஆணியில் மாட்டுவது எங்கள் தெருக்காரர்களின் கைப்பழக்கம். அதை நான் கவனித்தேன். அண்ணியும் கவனித்தார் என்றே நினைக்கிறேன். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை.

நான் பத்திரிகைக்கு லீவு சொல்லிவிட்டு அந்த வாரம் அங்கேயே இருந்தேன். அன்று மாலையே அண்ணி ஸ்டேஷனுக்குப் போனார். கோயில் தர்மகர்த்தா கொஞ்சம் பொறு என்றார், அண்ணன் நாளைக்குப் பார்க்கலாம் என்றார். “திருடு போச்சுன்னா போலீஸுக்குப் போவணும். அதுக்குத்தான அவங்க கீறாங்க” என்று அண்ணி கிளம்பிவிட்டார். எஸ்.ஐ. வந்து பலகையைப் பார்த்துச் சிரித்தார். “கதவத் தொறந்து போட்டு சாவியெல்லாம் வரிசையா மாட்டி வெச்சிருக்கீங்க. திருடனுக்குக் கடை விரிச்சிருக்கீங்கம்மா” என்றார். பிறகு யார் யார் சாவி என்று கேட்டார். அண்ணி ஒன்றுவிடாமல் சொன்னார். உண்மையைச் சொன்னால் அவர்கள் எல்லாரையும் ஒரேமாதிரி விசாரிப்பார்கள் என்று நம்பினார்.

அந்த ஆண்டு மே மாதம் பக்கத்து ஊர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் வெளியூர் ஆள் என்றாலே போலீஸ் ஜீப் நின்றுவிட்டுத்தான் போகும். பலகையில் தொங்கிய சாவிகளில் ஒன்று, பக்கத்துச் சந்தில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்த திருநெல்வேலிப் பையனுடையது. அவனை மட்டும் அழைத்துப் போனார்கள். தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. பார்த்தால் நிம்மதி அடைந்த முகங்களாகத்தான் இருந்தன. மறுநாள் அண்ணி கம்பெனி வாசலுக்குப் போய் வாட்ச்மேனைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் ஓ.டி. பார்த்தான் என்பதைக் கேட்டுக்கொண்டு, அவரையே ஸ்டேஷனுக்கும் கூட்டிப்போனார். அவனை விட்டார்கள். வலது பாதம் வீங்கியிருந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான்.

அறையைக் காலி செய்வதற்காகத் தன் சாவியை வாங்கிப்போக வந்தான். அண்ணி காபி கொடுத்தார். அவன் குடிக்கவில்லை. “நான் எடுக்கலன்னு ஒங்களுக்குத் தெரியும்லாக்கா?” என்றான்.

“தெரியும்பா. தெரிஞ்சுதான ஓடியாந்தேன்.”

“பொறவு வந்திய. மொதல்ல எம்பேர நீங்கதான சொன்னிய?” என்றான். கோபமாகக் கேட்கவில்லை. அறையைக் காலி செய்து, சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டான். அண்ணி அந்தக் காபி டம்ளரை வெகுநேரம் எடுக்காமல் வைத்திருந்தார்.

அடுத்ததாகப் போலீஸ் தெருவுக்குள் வரும் என்று பேச்சு வந்தது. அப்போதுதான் தர்மகர்த்தா வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், கோயில் கணக்கில் கை வைக்காதவர் என்று பெயர் எடுத்தவர். “இன்னாத்துக்கும்மா ஸ்டேஷனு, கோர்ட்டு? அந்தப் பையன என்னா பண்ணாங்க பாத்த இல்ல? நாளைக்கு நம்ம பொண்ணுங்கள ஜீப்புல ஏத்துவான். நீ எழுதிக் குடுத்தத வாபஸ் வாங்கு. நம்ம வழியில பாக்கலாம். பொருள் வந்துடும். நான் சொல்றேன்” என்றார்.

நம்ம வழி என்று அவர் சொன்னது சாணி உருண்டை. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்குள் ஏதாவது காணாமல் போனால் செய்வது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் ஓர் உருண்டைச் சாணியைப் பிடித்துக்கொண்டு வந்து, யாரும் இல்லாத அறைக்குள் வைத்திருக்கும் அண்டாவில் போட்டுவிட்டு வரவேண்டும். எல்லாரும் போட்ட பிறகு தண்ணீரை ஊற்றிக் கரைப்பார்கள். எடுத்தவருக்கு மனம் இருந்தால் பொருள் உருண்டைக்குள் இருக்கும். யார் உருண்டையில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் கூடாது. அன்றோடு அந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும். திருடியவரை அவமானப்படுத்தாமல் பொருளை மட்டும் மீட்கும் வழி அது. யோசித்துச் செய்த ஏற்பாடுதான். அண்ணி மறுநாள் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுப் புகாரை வாபஸ் வாங்கினார். “ஊட்டுக்குள்ள பேசித் தீக்கறத உட்டுட்டு எங்க நேரத்த ஏம்மா வீணாக்கற?” என்று அங்கே கேட்டிருக்கிறார்கள்.

விளக்கு வைப்பதற்குச் சற்று முன்னால், கோயிலின் சாமான் அறையில் ஒரு பழைய இரும்பு அண்டாவை வைத்தார்கள். தெரு வரிசையாக நின்றது. எல்லார் கையிலும் வாழை இலையால் மூடிய உருண்டை. திருட்டுக் கொடுத்த வீட்டுக்கும் விலக்கில்லை என்பதால் அண்ணன் எங்கள் வீட்டு உருண்டையோடு நின்றார். கொஞ்ச நேரத்தில் கேலி ஆரம்பித்தது. “இன்னாடி, உன்னுது இம்மாம் பெருசா கீது? வளையல் போட்டியா, வண்டிச் சக்கரம் போட்டியா?” என்று ஒருத்தி கேட்க, எதிர்வீட்டு அக்கா, “எங்க மாடு பெருசு, அதான்” என்றார். சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். தூணில் சாய்ந்து நின்று, உள்ளே போகிறவர்களைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கக் கூடாது என்பது முறை. நான் பார்த்தேன். தொழில் பழக்கம். எந்த முகத்திலும் எதுவும் தெரியவில்லை.

தர்மகர்த்தா தண்ணீர் ஊற்றிக் கரைத்தார். கையை விட்டுத் துழாவியவர் ஒரு வளையலை எடுத்துத் தூக்கிக் காட்டினார். பிறகு இன்னொன்று. கூட்டம் ஆரவாரித்தது, யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். அவர் மறுபடியும் துழாவினார். அடிவரைக்கும் துழாவினார். அண்டாவைக் கவிழ்த்துக் கால்வாயில் ஊற்றிப் பார்த்தார்கள். இரண்டு வளையல்தான் இருந்தது.

“பாதி வந்துடுச்சே! எந்த ஊர்ல இது வரும்?” என்றார் தர்மகர்த்தா. வளையல்களைக் கழுவி அண்ணியின் கையில் கொடுத்தார். அவர் முகத்தில் உண்மையான பெருமை இருந்தது. எல்லாரும் அண்ணியின் முகத்தையே பார்த்தார்கள், மகிழ்ச்சியைக் காட்டுவதற்காகக் காத்திருந்தார்கள். அண்ணி வளையல்களைப் போட்டுக்கொள்ளவில்லை. “அந்தத் திருநெல்வேலிப் பையனுக்கு யாரு போயி சொல்றது?” என்று கேட்டார். கூட்டம் கலைந்தது.

அந்தக் கேள்வியில் இருந்ததை நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். அதுவரை ஒரு வெளியாள் வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்ள வாய்ப்பு இருந்தது. நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கின்றன, யாரோ இறங்கியிருப்பார்கள் என்று அண்ணியே என்னிடம் சொல்லியிருக்கிறார். வளையல் திரும்பி வந்ததும் அந்த வாய்ப்புப் போய்விட்டது. சாணி உருண்டை போட்டவர்களில் ஒருவர்தான் எடுத்தார். அவர் வீட்டுச் சாவி எங்கள் பலகையில் தொங்கியது. பிடிபடாமலே எல்லாவற்றையும் திருப்பித் தர வழி கிடைத்தும், பாதியை வைத்துக்கொண்டு, அதே வரிசையில் நின்று சிரித்திருக்கிறார். ஒன்றுமே வராமல் போயிருந்தால் அண்ணி தெருவோடு சேர்ந்து இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மறுநாள் காலை ஷிப்ட்டுக்கு எதிர்வீட்டு அக்கா வழக்கம்போலச் சாவியைப் பலகையில் மாட்ட வந்தார். பலகை காலியாக இருந்தது. அண்ணி எல்லாச் சாவிகளையும் முந்தின ராத்திரியே அவரவர் வீட்டில் கொடுத்துவிட்டிருந்தார். இந்த அக்கா மட்டும் தன் சாவியை முன்னமே வாங்கிப் போயிருந்தார்.

“இன்னாக்கா இது?”

“நீயே வெச்சுக்கோடி. என்னால பாத்துக்க முடியல.”

“எல்லாருக்கும் சரி. எனக்குமா? என்னையும் சந்தேகப்படறியா நீ?”

“நீ மட்டும் எடுக்கலன்னு நான் எப்பிடி சொல்றது? சொல்லு. நீயே சொல்லு, நான் நம்பறேன்.”

அக்கா சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அழுதுகொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்ததை நான் பார்த்தேன். அந்த அழுகையில் உண்மை இருந்தது என்றுதான் நினைத்தேன். அதையும் உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

அதன் பிறகு அண்ணி பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். குளிக்கும்போதும் கழற்றவில்லை. வீட்டில் இருந்தது அண்ணனும் அண்ணியும் அவர்களுடைய கைக்குழந்தையும் வாரம் ஒருமுறை வந்துபோகும் நானும்தான். பீரோ திறந்து கிடந்ததை முதலில் பார்த்தவன் நான் என்பதும், அப்போது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன் என்பதும் சில வாரங்கள் கழித்தே எனக்கு உறைத்தது. அண்ணி ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் வந்தால் சோறு போடுவார், என் சட்டையைத் துவைத்துப் போடுவார். சாவி மட்டும் இடுப்பிலேயே இருக்கும்.

தெருவுக்கு அண்ணி மேல் கோபம் வந்தது. பேச்சை விட்டுவிட வேண்டும் என்ற முறையை அவர் மீறிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. அவர் எதுவும் பேசவில்லை என்பது உண்மை. ஆனால் கல்யாண வீடுகளில் அவர் பெண்களின் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்த்தார். அதை எல்லாரும் கவனித்தார்கள். கண்ணாடி வளையல் போட்டவர்கள்கூடக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். பிறகு அழைப்பது குறைந்தது. “பாதி குடுத்தும் திருப்தி இல்ல பாரு அந்தம்மாவுக்கு” என்று யாரோ சொன்னது எங்கள் காதுக்கு வந்தது. குடுத்தும் என்ற சொல்லை அண்ணி திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

அடுத்த ஆண்டு எதிர்வீட்டு அக்காவின் கழுத்துச் சங்கிலியை, எங்கள் வீட்டுக்கு நேர் எதிரில், மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் அறுத்துக்கொண்டு போனான். நான் அன்று உள்ளறையில் இருந்தேன். அண்ணி ஜன்னலோரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். போலீஸ் வந்தது. வண்டி என்ன நிறம், ஆள் எப்படி இருந்தான் என்று கேட்டார்கள். “நான் உள்ள வேலையா இருந்தேன் சார். ஒண்ணும் பாக்கல” என்றார் அண்ணி. அக்கா கழுத்தில் ரத்தக் கோடோடு வாசலில் நின்று அதைக் கேட்டார். போலீஸ் போன பிறகு நான் அண்ணியைப் பார்த்தேன். “பச்சை வண்டி. பின்னாடி நம்பர் இல்ல. காக்கி பேன்ட்டு” என்றார் என்னிடம், முறத்தைத் தட்டிக்கொண்டே. “போய்ச் சொல்லலாமே அண்ணி” என்றேன். “சொன்னா இன்னா ஆவும் தெரியுமா? காக்கி பேன்ட்டு போட்ட எவனோ ஒருத்தன் கால் வீங்கும். அப்புறம் அவங்க பேசித் தீத்துப்பாங்க” என்றார்.

பிற்பாடு சாலையை அகலப்படுத்தினார்கள். கம்பெனிகள் வரிசையாக வந்தன, ஒரகடம் வரைக்கும் வயல்கள் வேலிக்குள் போயின. எங்கள் பஸ் நிறுத்தத்தை மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் மாற்றினார்கள். ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் சர்வீஸ் ரோட்டில் வெளிச்சமில்லாமல் நடக்க வேண்டியிருந்தது. நாலைந்து பேர் அண்ணியிடம் வந்து, நீங்கள் வந்தால் கலெக்டர் ஆபீஸுக்குப் போகலாம் என்றார்கள். அண்ணி முட்டி வலி என்றார். அவர்கள் திரும்பிவிட்டார்கள். அவர்களும் எங்கும் போகவில்லை. நிறுத்தம் இன்றும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. தேர்தல் நாளில் அண்ணனும் மகனும் ஓட்டுப் போடப் போவார்கள், அண்ணி சமைத்துக்கொண்டிருப்பார். ஒரு காலத்தில் வாக்காளர் பட்டியலை மனப்பாடமாகச் சொன்னவர் என்று அவருடைய மருமகளிடம் சொன்னேன். அந்தப் பெண் நம்பவில்லை.

அண்ணன் இறந்த பிறகு அண்ணி மகனோடு குன்றத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்துவிட்டார். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். போன மாதம் ஒரு பிற்பகலில் பார்க்கப் போயிருந்தேன். முதலில் மரக்கதவு திறந்தது, பிறகு என்னை அடையாளம் பார்த்து இரும்புக் கதவு. இடுப்பில் சாவி இருந்தது. கை இரண்டிலும் அந்த இரண்டு வளையல்கள், கைக்கு ஒன்றாக. எப்போது போட்டுக்கொள்ள ஆரம்பித்தார் என்று கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி தாண்டியிருந்தது. காபி போட்டுக் கொடுத்தார்.

அழைப்பு மணி அடித்தது. எதிர் வீட்டில் இருக்கும் இளம்பெண். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது, கையில் ஒரு சாவி, பொம்மை கோத்தது. இரும்புக் கதவுக்கு வெளியில் நின்றபடியே, “ஆன்ட்டி, செகண்ட் ஷிப்ட்டுக்குக் கிளம்பிட்டேன். பொண்ணு நாலரைக்கு ஸ்கூல்லருந்து வருவா. சாவிய உங்ககிட்ட குடுத்துட்டுப் போட்டுமா? இன்னிக்கு மட்டும்” என்றாள்.

அண்ணி இரும்புக் கதவைத் திறக்கவில்லை. “இல்லம்மா. நான் இப்ப வெளிய கிளம்பிகினு கீறேன்” என்றார்.

அந்தப் பெண் சரி ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அண்ணி மரக்கதவைச் சாத்தித் தாழ் போட்டார். என் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார். நான் ஆறு மணி வரைக்கும் இருந்தேன். அண்ணி அன்று வெளியே எங்கும் போகவில்லை.